கடலில் இறங்கலாமா, டாக்டர்?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கணவருக்கு வயது 68. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சர்க்கரையும் உண்டு. மகள் ஆஸ்திரேலியாவில் கெய்ர்ன்ஸ் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். டிசம்பரில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன் கார்த்திகையில் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் நீராட வேண்டும் என்று ஒரு வேண்டுதல். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கெய்ர்ன்ஸ் பக்கக் கடலில் இருக்கும் ஜெல்லி மீன் பட்டால் இரண்டே நிமிடத்தில் உயிர் போய்விடுமாம், உடனே சிறுநீர் ஊற்ற வேண்டுமாம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஏரியும் கிணறும் தவிர வேறு தண்ணீரில் இறங்கிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். கடலில் இறங்கலாமா? விஷமுறிவு ஊசி வேலூரில் வாங்கிக் கையில் எடுத்துப் போகலாமா?

பதில்:

அம்மா, ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்கிப் போகாதீர்கள். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் பல காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஜெல்லி மீனுக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. கடல் பாம்பின் விஷத்துக்குக்கூட அது வேலை செய்யாது. போதாததற்கு, அந்த மருந்தே சிலருக்குக் கடும் அலர்ஜியைக் கொடுத்து ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். அதனால்தான் மருத்துவமனையில், பக்கத்திலேயே ஆள் நின்று ஏற்றுகிறோம். பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகும் பொருள் இல்லை அது.

இனி அந்த வீடியோ. பாதி உண்மை, பாதி ஆபத்தான பொய்.

உண்மையான பாதி, அந்த ஜந்து. பாக்ஸ் ஜெல்லி என்பார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையோரம் நவம்பரிலிருந்து மே வரை அதிகம் வரும், அதாவது நீங்கள் போகும் டிசம்பர் நடு சீசன். குடை போன்ற உடம்பு 30 செ.மீ. அகலம் வரை இருக்கும். அதிலிருந்து தொங்கும் இழைகள் 3 மீட்டர் வரை நீளும். தண்ணீரோடு தண்ணீராக இருப்பதால் கண்ணுக்குத் தட்டுப்படாது. 1955-ல் கெய்ர்ன்ஸுக்குத் தெற்கே கார்டுவெல் என்ற ஊரில் 5 வயதுப் பையன் ஒருவன் ஆழமில்லாத தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தபோது இறந்தான். கெய்ர்ன்ஸைச் சேர்ந்த டாக்டர் ஹ்யூகோ ஃப்ளெக்கர், அதே இடத்தில் போலீஸாரைக் கொண்டு வலை போட்டுத் தேடச் சொன்னார். வலையில் வந்த ஜெல்லிகளில் ஒன்று அதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். இப்போது அதற்கு அவர் பெயர்தான்.

அந்த இழை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விசை ஏற்றிவைத்த எலிப்பொறி மாதிரி. தோல் பட்டதும் உள்ளிருக்கும் ஊசி பாய்ந்துவிடும். விஷம் உடம்பின் செல் சுவர்களில் துளை போடுகிறது. ரத்த அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, இதயம் தடுமாறி நிற்கிறது. பல மீட்டர் நீளத்துக்கு இழை சுற்றிக்கொண்டால் இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் மரணம் வரலாம் என்பது சரிதான். குழந்தைகளுக்கு உடம்பு சிறியது, அதனால் அவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். 2021-லும் 2022-லும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இறந்த இருவருமே பதின்ம வயதுப் பையன்கள்.

ஆனால் கணக்கையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 1880-களிலிருந்து இன்றுவரை இந்த ஜெல்லியால் இறந்தவர்கள் சுமார் 70 பேர். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள், வருடத்துக்குச் சராசரியாக 58,000. கெய்ர்ன்ஸ் கடலை நினைத்து உங்களுக்குத் தூக்கம் போகிறது. செருப்பில்லாமல் மல்லாட்டைக் கொல்லைக்குப் போவதும், ராத்திரி டார்ச் இல்லாமல் பின்கட்டுக்குப் போவதும் உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் அவசரப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

பொய்யான பாதி, சிறுநீர். அதை ஊற்றாதீர்கள். நல்ல தண்ணீரும் வேண்டாம், சாராயம், ஸ்பிரிட் வேண்டாம், மணலைப் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். இழை ஒட்டியிருக்கும் இடத்தில் வெடிக்காத செல்கள் இன்னும் ஏராளமாக இருக்கும். இவையெல்லாம் அவற்றையும் வெடிக்கச் செய்யக்கூடியவை. பாக்ஸ் ஜெல்லிக்குச் செய்ய வேண்டியது வினிகர் ஊற்றுவது. குறைந்தது 30 வினாடி தாராளமாக ஊற்ற வேண்டும், அப்புறம்தான் இழைகளை எடுக்க வேண்டும். வினிகர் உள்ளே போன விஷத்தை முறிக்காது, வலியையும் குறைக்காது. மேற்கொண்டு விஷம் ஏறாமல் தடுக்கும். கெய்ர்ன்ஸ் பக்கக் கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டிலே வைத்திருப்பார்கள். தாய்லாந்துத் தீவுகளிலும் இப்படி வைத்திருக்கிறார்கள், அங்கும் இதன் உறவினங்களால் சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள். ஆள் மயங்கி மூச்சில்லாமல் கிடந்தால் மட்டும் வினிகரைத் தேடி ஓடிக்கொண்டிருக்காதீர்கள். நெஞ்சை அழுத்தும் முதலுதவிதான் முதலில், வினிகரை இன்னொருவர் ஊற்றட்டும். ஆஸ்திரேலியாவில் அவசர எண் 000. இந்த ஜெல்லிக்கான விஷமுறிவு மருந்து அங்கே 1970-லிருந்து இருக்கிறது.

உங்கள் கணவரை நினைத்து நான் கவலைப்படுவது பெரிய ஜெல்லியைப் பற்றி அல்ல. இருகாண்ஜி என்று ஒரு சின்ன ஜெல்லி இருக்கிறது. உடம்பு ஒரு சென்டிமீட்டர்தான். பட்ட இடத்தில் கொசு கடித்த அளவுக்குத்தான் தெரியும். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து இடுப்பிலும் முதுகிலும் தாங்க முடியாத வலி, வாந்தி, வியர்வை, செத்துவிடப் போகிறோம் என்ற பயம், கூடவே எகிறும் ரத்த அழுத்தம். இந்த நோய்க்கு இந்த ஜெல்லிதான் காரணம் என்று 1961-ல் கண்டுபிடித்தவர் கெய்ர்ன்ஸ் டாக்டர் ஜாக் பார்ன்ஸ். எப்படி? பிடித்த ஜெல்லியைத் தன் மேலும், ஓர் உயிர்காப்பாளர் மேலும், தன் 9 வயது மகன் மேலும் ஒட்டிப் பார்த்தார். மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மருத்துவ வரலாற்றில் இதைத் துணிச்சல் என்று எழுதுகிறார்கள். பெரியவர்கள் இருவரும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அந்தப் பையனைச் சேர்த்ததை என்னால் மெச்ச முடியவில்லை.

இருகாண்ஜியால் 2002-ல் இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். இருவருக்குமே ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தக்கசிவு. அவர்களில் ஒருவர் இதய வால்வு அறுவை செய்துகொண்டு, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். உங்கள் கணவரும் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆகவே என் ஆலோசனை: டிசம்பரில் கெய்ர்ன்ஸ் பக்கம் அவர் திறந்த கடலில் இறங்க வேண்டாம். வலை கட்டிய இடத்தில்கூட வேண்டாம். அந்த வலை பெரிய ஜெல்லியைத்தான் தடுக்கும், சின்னது கண்ணி வழியே நுழைந்துவிடும். மாத்திரையை மட்டும் பயத்தில் நிறுத்திவிடாதீர்கள், அதை நிறுத்தினால் வரும் ஆபத்து எந்த ஜெல்லியையும் விடப் பெரியது.

நீங்களும் பேரப்பிள்ளைகளும் இறங்குவதென்றால், உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், அவர்கள் நட்டிருக்கும் எல்லைக் கொடிகளுக்கு நடுவே, வலைக்குள், உடம்பு முழுக்க மூடும் நீச்சல் உடை போட்டுக்கொண்டு இறங்கலாம். பவளத் திட்டுக்குப் படகில் கூட்டிப் போகிறவர்கள் அந்த உடையை அவர்களே தருவார்கள். மெல்லிய துணிதான், ஆனால் தோலில் படாத இழை கொட்டாது. இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. கெய்ர்ன்ஸ் நகரத்தை ஒட்டிய கரை வெறும் சேறு, முதலையும் வரும். அதனால் கரையோரமாகவே உப்புநீர் நீச்சல் குளம் ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. தாத்தாவும் பேரன்களும் அங்கே ஆசை தீரக் குளிக்கட்டும்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. கடலில் இன்னொரு வகை விஷம் இருக்கிறது, அதில் பெரும்பாலும் வலியே இருக்காது. பாறைக் குட்டைகளில் நீல வளையங்களோடு ஒரு குட்டி ஆக்டோபஸ் இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். பிள்ளைகள் அழகாக இருக்கிறதே என்று எடுப்பார்கள். கூம்பு வடிவத்தில் வண்ண வண்ணக் கோலம் போட்ட சங்குகள் உண்டு, உயிரோடு இருந்தால் உள்ளிருந்து ஊசி நீட்டிக் குத்தும். அந்தக் குடும்பம் நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது. கடற்கரையில் பொறுக்கிய சங்கை இடுப்பில் செருகிக்கொள்வது, சட்டைப் பையில் போட்டுக்கொள்வது எல்லாம் வேண்டாம். கடையில் விற்பது காலி ஓடு, அதற்குப் பயமில்லை. அப்புறம் கடல் பாம்பு. பெரும்பாலும் வலையில் சிக்கியதைப் பிரித்தெடுக்கும் மீனவர்களைத்தான் கடிக்கும். 2018-ல் வட ஆஸ்திரேலியாவில் இழுவைப் படகில் வேலை பார்த்த 23 வயது பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர் அப்படித்தான் இறந்தார்.

இவை மூன்றும் கொல்லும் முக்கிய வழி ஒன்றுதான். தசைகள் செயலிழக்கும், மூச்சுவிடும் தசையும் நின்றுபோகும். (கடல் பாம்பு விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சிறுநீர் கறுத்துப் போகும்.) ஆக்டோபஸ் விஷத்துக்கு இன்றுவரை முறிவு மருந்து இல்லை. ஆனாலும் கடிபட்டவர் பிழைக்கலாம். அந்த விஷம் ஏறக்குறைய ஒரு நாளில் தானாக உடம்பை விட்டுப் போய்விடும். அதுவரை அவருக்காக யாராவது மூச்சுவிட்டால் போதும். முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுவது, பிறகு மருத்துவமனையில் வெண்டிலேட்டர்.

இது எங்களுக்குப் புதிது இல்லை. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை கிராமங்களில் தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் நடப்பதும் இதேதான். கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலை வயிற்று வலி என்பார், இமை தூக்க முடியாது, பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். கண்மணியில் டார்ச் அடித்தால் அசையாது, கூப்பிட்டால் பதில் இருக்காது. உறவுக்காரர்கள் உயிர் போய்விட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அவருக்கு நினைவு இருக்கும், காது கேட்கும். இமையைத் திறக்கத் தசைக்குச் சக்தி இல்லை, அவ்வளவுதான். வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் சில நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். எனவே கட்டுவிரியன் கடித்தவர் தலைமாட்டில் நின்று பாகப்பிரிவினை பேசாதீர்கள். நீல வளைய ஆக்டோபஸ் கடித்தவரிடமும் அப்படித்தான், ஊதிக்கொண்டே "பயப்படாதே, ஆம்புலன்ஸ் வருகிறது" என்று சொல்லிக்கொண்டிருங்கள்.

மூச்சு கொடுக்க யாரிடம் கற்றுக்கொள்வது என்று கேட்கவே தேவையில்லை, உங்கள் மகளே நர்ஸ். கெய்ர்ன்ஸ் போனதும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. மாரடைப்புக்கு அழுத்தல் மட்டுமே போதும் என்று டிவியில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கும் விஷத்தால் மூச்சு நின்றவருக்கும் அது போதாது, ஊதவும் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஆக்டோபஸ், கூம்புச் சங்கு, கடல் பாம்பு ஆகிய மூன்றின் கடிக்கும் எலாஸ்டிக் பேண்டேஜைக் கை அல்லது கால் முழுக்கச் சுற்றி, அசையாமல் கட்டை வைத்துக் கட்டுவார்கள். அங்கே அது சரி. அதைப் பார்த்துவிட்டு வந்து நம் ஊரில் கண்ணாடி விரியன் கடித்த காலில் செய்யாதீர்கள், கடித்த இடத்துச் சதை இன்னும் கெடலாம். கயிறு போட்டு இறுக்குவது இரண்டு ஊரிலும் தப்பு. இங்கே கடிபட்ட காலை அசைக்காமல் 108-ல் ஏற்றினால் போதும்.

ராமேஸ்வரத்துக்கு வருவோம். அக்னி தீர்த்தத்தில் நீராடுவதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். அங்கே காலை வைக்கும்போது கவனம் வேண்டும். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் வாலைத் திருப்பி முள்ளால் அடிக்கும். தூக்கித் தூக்கி வைக்காமல் காலை மணலில் தேய்த்தபடி நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். பாறைப் பக்கம் கல்லோடு கல்லாகக் கிடக்கும் விஷ மீன்களும் மன்னார் வளைகுடாவில் உண்டு, அதனால் பாறையில் வெறுங்காலோடு ஏற வேண்டாம். திருக்கை குத்திச் சாவது மிக அபூர்வம். முதலைகளோடு டிவியில் வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் திருக்கை குத்தி இறந்தாரே, அது கெய்ர்ன்ஸுக்கு வடக்கே ஒரு பவளத் திட்டில்தான். ஆனால் அங்கே கொன்றது விஷம் அல்ல, நெஞ்சில் பாய்ந்த முள். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் குத்தி நின்றால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கை, காலில் குத்தினால் வைத்தியம் வெந்நீர். சுமார் 45 டிகிரி, பொறுக்கிற சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி நன்றாகக் குறையும். மீன் விஷம் சூட்டில் கெட்டுவிடும் இயல்புள்ளது. மீன் அலசும்போது கெளுத்தி முள் குத்தினாலும் இதே வைத்தியம்தான், உங்கள் தெருவில் அதற்குத்தான் அடிக்கடி பயன்படும். ஆனால் உங்கள் கணவர் சர்க்கரைக்காரர். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமல் வெந்துபோகும். தண்ணீரின் சூட்டை நீங்கள் கைவைத்துப் பாருங்கள், அவரைக் கேட்காதீர்கள். புண் சின்னதாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டி, டிடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடல் நீரில் இருக்கும் சில கிருமிகள் சர்க்கரை உள்ளவர்களின் காலில் மிக வேகமாகப் பரவும்.

நம் கரையில் சாதாரணமாகப் படும் சொறி மீன், அதாவது நம் ஊர் ஜெல்லி மீன், அரிப்பையும் எரிச்சலையும் கொடுப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதைக் கையால் தொடாமல் எடுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றுங்கள். சென்னைக் கரையில் சில சமயம் ஒதுங்கும் நீலப் பை போன்ற ஜெல்லிக்கும் இதே முறைதான், வினிகர் அதற்கு வேண்டாம். கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும், பிள்ளைகளைக் குச்சியால் குத்தி விளையாட விடாதீர்கள். மூச்சுத் திணறல், மார்பு வலி, உடம்பெங்கும் தடிப்பு வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

ராமேஸ்வரம் கடலில் நான் உண்மையாகப் பயப்படுவது தண்ணீருக்குத்தான். உலகம் முழுக்க ஒரே வருடத்தில், 2021-ல், சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கார்த்திகை மழைக்காலம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் வேண்டுதலை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், உட்கார்ந்து முழுகலாம். தனுஷ்கோடிக்குப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். அப்புறம், கோயிலுக்குள் 22 தீர்த்தத்துக்கும் ஈரத் துணியோடு, ஈரத் தரையில் நடக்க வேண்டியிருக்கும். அந்த வயதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது எந்தக் கடல் ஜந்துவையும்விட நடக்கக்கூடிய காரியம். கணவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டுப் பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஸ்டென்ட், சர்க்கரை இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும் என்று ஏஜென்ட் எழுத வேண்டாம் என்பார், கேட்காதீர்கள், மறைத்தது தெரிந்தால் பணம் தர மாட்டார்கள். மாத்திரைகளின் பொதுப் பெயர்களை டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, கைப்பையில் ஒரு பிரதி, மகளிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.